போலி மெயிலை அழித்தால் மட்டும் போதுமா? ஹெடர் சொல்லும் உண்மையும் புகார் செய்யும் வழியும்

திங்கட்கிழமை காலை, மெட்ரோவில் ஆபீஸ் போகும் நேரம். போனில் ஒரு மெயில் வந்து நிற்கிறது. ‘உங்களுடைய வருமான வரி ரீஃபண்ட் ரூ.18,450 ஒப்புதல் ஆகிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் வங்கிக் கணக்கை உறுதிசெய்யவும்.’ அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் ‘வருமான வரித் துறை’ என்றே இருக்கிறது. அரசுச் சின்னமும் இருக்கிறது. ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டு, ரீஃபண்ட் எப்போது வரும் என்று காத்திருப்பவருக்கு கை தானாகவே லிங்க் பக்கம் போகும்.

இது கற்பனையான மெயில்தான். ஆனால், இதே சாயலில் ஒரு மெயிலாவது வராத இன்பாக்ஸ் அரிது. வேலை உறுதி என்று சொல்லி லேப்டாப் டெபாசிட் கேட்பது, கூரியர் பார்சல் தேங்கிவிட்டது என்பது, மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது என்பது என வேஷம் மட்டும்தான் மாறும்.

இப்படி ஒரு மெயில் வந்தால் இரண்டு வகையான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் நம்பி லிங்க்கைத் தட்டிவிடுவார். இன்னொருவர், ‘இது ஃபிராடு, நமக்கெதுக்கு வம்பு’ என்று அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். இரண்டாமவர் புத்திசாலிதான். ஆனால், அவர் அழித்த அதே மெயில் அதே நிமிடத்தில் இன்னும் பல ஆயிரம் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதில் யாரோ ஒருவரின் அப்பாவும் இருக்கலாம். அனுப்பியவனுக்கு ஒரு சேதாரமும் இல்லை.

அழிப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் செலவழித்தால், அந்த மெயில் உண்மையில் எங்கிருந்து கிளம்பியது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். உரிய இடத்தில் புகார் செய்யலாம். இதற்குத் தேவையான தகவல் ஒவ்வொரு மெயிலுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் ஹெடர்.

அனுப்பியவர் பெயரை இவ்வளவு சுலபமாகப் பொய்யாகப் போட முடியுமா?

முடியும். அதற்குக் காரணம் மின்னஞ்சல் பிறந்த காலம். இன்றைக்கும் உலகத்து மெயில்களைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982-ல் எழுதப்பட்டது. அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் நம்பலாம் என்ற நிலை. அதனால் ‘நான் இன்னார்’ என்று ஒரு சர்வர் சொன்னால், அதைச் சரிபார்க்கும் ஏற்பாடே அந்த நெறிமுறையில் வைக்கப்படவில்லை.

அந்த நம்பிக்கை அதற்கு முன்பே ஒருமுறை சோதிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் மெயில் என்று சொல்லப்படுவது இதுதான். அவராவது சொந்தப் பெயரில் அனுப்பினார். பின்னால் வந்தவர்கள் பெயரை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் தபாலே போதும். ஒரு கவரின் இடது மூலையில் ‘அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர்’ என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போட்டுவிடலாம். தபால்காரர் அதைத் தடுக்க மாட்டார். ஆனால், கவர் எந்தத் தபால் நிலையத்தில் போடப்பட்டது, எந்த நாளில், எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்லும் முத்திரையை அனுப்பியவர் குத்துவதில்லை. அதைக் குத்துவது தபால் துறை. மெயிலில் நாம் பார்க்கும் ‘ஃப்ரம்’ என்பது கவரின் மூலையில் எழுதிய பெயர். ஹெடரில் வரும் ‘ரிசீவ்டு’ வரிகள்தான் தபால் முத்திரை.

ஹெடரை எங்கே போய்ப் பார்ப்பது?

மெயில் ஆப்கள் ஹெடரில் நான்கைந்து விஷயங்களை மட்டும்தான் காட்டும்: யாரிடமிருந்து, யாருக்கு, என்ன தலைப்பு, எந்தத் தேதி. மீதமுள்ள முப்பது நாற்பது வரிகளை மறைத்துவைத்திருக்கும். முழு ஹெடரையும் பார்க்க:

ஜிமெயில்: கணினி பிரவுசரில் மெயிலைத் திறந்து, ரிப்ளை பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்வுசெய்யலாம்.

அவுட்லுக் வெப்: மூன்று புள்ளிகள், ‘வியூ’, அடுத்து ‘வியூ மெசேஜ் சோர்ஸ்’.

யாஹூ: ‘மோர்’ மெனுவில் ‘வியூ ரா மெசேஜ்’.

போனிலேயே பார்த்துவிடலாமா என்றால், அங்கேதான் சிக்கல். ஜிமெயில் மொபைல் ஆப்பில் ‘ஷோ ஒரிஜினல்’ வசதி இல்லை. ஐபோனின் மெயில் ஆப்பிலும் முழு ஹெடர் தெரியாது. போனில் குரோம் போன்ற பிரவுசரைத் திறந்து, ‘டெஸ்க்டாப் சைட்’ என்று மாற்றிக்கொண்டு, அதில் மெயிலுக்குள் போனால் பார்க்க முடியும். எழுத்து பொடியாகத் தெரியும், பெரிதாக்கி நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். அவசரம் இல்லையென்றால் மெயிலை அழிக்காமல் வைத்திருந்து, கணினி முன்னால் உட்காரும்போது பார்ப்பது நல்லது. ஹெடர் எங்கும் ஓடிவிடாது.

ஹெடரைப் பார்ப்பதால் ஆபத்து எதுவும் இல்லை. அது வெறும் எழுத்து. மெயிலில் இருக்கும் லிங்க்கையும் அட்டாச்மென்ட்டையும் தொடாமல் இருந்தால் போதும்.

கீழிருந்து மேலே படிக்க வேண்டும்

முதன்முதலில் ஹெடரைப் பார்ப்பவருக்கு, எழுத்தும் எண்ணும் கலந்துகட்டிய ஒரு குவியல் மாதிரிதான் தெரியும். பயப்பட வேண்டாம். எல்லா வரியையும் படிக்கத் தேவையில்லை. முதலில் தேட வேண்டியது ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகளை.

ஒரு மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கைமாறும்போதெல்லாம், பெற்றுக்கொண்ட சர்வர் ஒரு ‘ரிசீவ்டு’ வரியை உச்சியில் சேர்க்கும். அப்படியானால் மிகவும் பழைய வரி அடியில் இருக்கும், கடைசி வரி மேலே இருக்கும். மெயில் வந்த பாதையை அறிய, கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயங்கள் முக்கியம். ‘ஃப்ரம்’ என்பதற்குப் பின்னால் வருவது, கொடுத்த சர்வர். ‘பை’ என்பதற்குப் பின்னால் வருவது, வாங்கிய சர்வர். கடைசியில் தேதியும் நேரமும். கொடுத்த சர்வரின் பெயரைத் தொட்டடுத்து அடைப்புக்குறிக்குள் ஓர் ஐபி முகவரி இருக்கும். பெயர் என்பது அந்த சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது, அது பொய்யாக இருக்கலாம். ஐபி முகவரி என்பது வாங்கிய சர்வர் நேரடியாகப் பார்த்தது. ஆக, பெயரும் ஐபியும் முரண்பட்டால் ஐபியைத்தான் நம்ப வேண்டும்.

இனி, முதலில் பார்த்த ரீஃபண்ட் மெயிலுக்கே வருவோம். அது ஒரு ஜிமெயில் முகவரிக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். ஹெடரின் உச்சியில் கூகுளின் உள் சர்வர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்ட ஒன்றிரண்டு வரிகள் இருக்கும். அதற்குக் கீழே, ‘பை எம்எக்ஸ் டாட் கூகுள் டாட் காம்’ என்ற வரி இருக்கும். இதுதான் எல்லைச் சோதனைச் சாவடி. வெளியுலகத்திலிருந்து மெயில் கூகுளுக்குள் நுழைந்த இடம் இது. இந்த வரியை எழுதியது கூகுள், அனுப்பியவனால் இதில் கைவைக்க முடியாது. இங்கே 203.0.113.45 என்ற ஐபி பதிவாகியிருக்கிறது என்று கொள்வோம். (203.0.113 என்று தொடங்கும் எண்கள் எடுத்துக்காட்டுகளுக்காகவே உலக அளவில் ஒதுக்கப்பட்டவை, யாருடைய கணினியையும் குறிக்காதவை.)

அதற்கும் கீழே இன்னொரு ‘ரிசீவ்டு’ வரி இருக்கிறது. அதில், மெயில் வருமான வரித் துறையின் சர்வரிலிருந்தே கிளம்பியதாக எழுதியிருக்கிறது. நம்பலாமா? கூடாது. சோதனைச் சாவடிக்குக் கீழே இருக்கும் வரிகளை, மெயில் அனுப்பியவனே முன்கூட்டி எழுதிச் சேர்த்திருக்க முடியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நேர்மையான மெயிலில் வரிகள் சங்கிலிபோலக் கோத்துக்கொள்ளும்: கீழ்வரியில் ‘பை’ என்று வரும் சர்வர், அடுத்த மேல்வரியில் ‘ஃப்ரம்’ என்று வரும். நேரமும் நொடிக்கணக்கில் முன்னேறிக்கொண்டே போகும். சங்கிலி அறுந்திருந்தாலோ, நேரம் பின்னோக்கி ஓடினாலோ அந்த இடத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

நேரத்தைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு சர்வரும் தன் ஊர் நேரத்தையே எழுதும். இந்திய நேரத்துக்கு +0530 என்றும், அமெரிக்க மேற்குக் கரையின் கோடைக்கால நேரத்துக்கு -0700 என்றும் இருக்கும். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அதைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அதேபோல 10 அல்லது 192.168 என்று தொடங்கும் ஐபி முகவரி வந்தால், அது ஏதோ ஓர் அலுவலகத்தின் அல்லது வீட்டின் உள் நெட்வொர்க் எண். அதை வைத்து வெளியில் யாரையும் தேட முடியாது.

‘ரிசீவ்டு’ போக இன்னும் இரண்டு வரிகளைப் பார்த்துவிடுவது நல்லது. ‘ரிட்டர்ன்-பாத்’ என்பது, மெயில் போய்ச்சேராவிட்டால் திரும்பி வர வேண்டிய முகவரி. ‘ரிப்ளை-டு’ என்பது, நாம் பதில் போட்டால் போய்ச்சேரும் முகவரி. அரசுத் துறையின் பெயரில் வந்த மெயிலுக்குப் பதில் போட்டால், அது ஓர் இலவச மெயில் கணக்குக்குப் போகிறது என்றால், அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

பாஸ், ஃபெயில் சொல்லும் மூன்று பரிசோதனைகள்

ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ அழுத்தியதும் மேலே ஒரு சின்ன அட்டவணை வரும். அதில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று பெயர்கள், பக்கத்தில் ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’. மற்ற சேவைகளில் ‘ஆத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்’ என்ற வரியில் இதே விவரம் இருக்கும். 1982-ல் விட்டுப்போன சரிபார்ப்பை அடைக்கப் பின்னாளில் போட்ட பூட்டுகள் இவை.

எஸ்பிஎஃப் என்பது அனுமதிப் பட்டியல். ‘எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த ஐபிகளுக்கு மட்டுமே அனுமதி’ என்று ஒரு நிறுவனம் வெளிப்படையாக அறிவித்துவைப்பது. டிகிம் என்பது டிஜிட்டல் அரக்கு முத்திரை. வழியில் யாராவது உள்ளடக்கத்தை மாற்றினால் முத்திரை உடைந்துவிடும். டிமார்க் என்பது, இந்த இரண்டு பரிசோதனைகளும் நாம் கண்ணால் பார்க்கும் ‘ஃப்ரம்’ முகவரியோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. பொருந்தாவிட்டால் மெயிலை ஸ்பேமில் தள்ளுவதா, திருப்பி அனுப்புவதா என்றும் அதில் அறிவித்துவிடலாம்.

2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புவோர் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புவோருக்கு இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. ஒரே கிளிக்கில் அன்சப்ஸ்கிரைப் செய்யும் வசதியும் அதில் ஒரு நிபந்தனை.

ஆனால், இங்கே பலர் ஏமாந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது. மூன்றும் ‘பாஸ்’ என்று வந்தால் மெயில் நல்லது என்று அர்த்தமில்லை. ‘இந்த டொமைனிலிருந்துதான் வந்தது’ என்று மட்டுமே அர்த்தம். வருமான வரித் துறையின் முகவரியைப்போலவே தோன்றும் ஒரு டொமைனைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, அதற்கு முறைப்படி மூன்று பூட்டுகளையும் போட்டுவிட்டு ஒருவன் மெயில் அனுப்பினால், பரிசோதனை ‘பாஸ்’ ஆகத்தான் செய்யும். அதனால் ‘பாஸ்’ பார்த்த கையோடு, டொமைன் பெயரை எழுத்து எழுத்தாகப் படிப்பது அவசியம். மத்திய, மாநில அரசுத் துறைகளின் முகவரி வழக்கமாக ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ என்று முடியும். நடுவில் எங்கோ ‘ஜிஓவி’ என்று வந்து, கடைசியில் வேறு ஏதோ இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஐபி கிடைத்துவிட்டது, ஆளைப் பிடித்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஹெடரால் காட்ட முடிந்தது ஒரு சர்வரை, அதிகம் போனால் ஒரு நெட்வொர்க்கை. ஆளைக் காட்டாது.

ஸ்பேம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக் கணினியிலிருந்து அனுப்புவதில்லை. வைரஸ் புகுந்த யாரோ ஒருவரின் கணினி, பாஸ்வேர்டு திருடுபோன ஒரு கல்லூரியின் மெயில் கணக்கு, பராமரிப்பு இல்லாமல் கிடக்கும் ஒரு கடையின் இணையதளம் ஆகியவை வழியாக அனுப்புவார்கள். அந்த ஐபிக்குச் சொந்தக்காரரும் பாதிக்கப்பட்டவராக இருக்கலாம். ஜிமெயில் வெப் போன்ற சேவைகளிலிருந்து அனுப்பப்பட்ட மெயிலில், அனுப்பியவரின் வீட்டு ஐபி இருக்கவே இருக்காது. கூகுளின் சர்வர் மட்டுமே தெரியும்.

‘ஃப்ரம்’ முகவரியில் இருக்கும் நபரைத் திட்டிப் பதில் போடுவது இன்னும் பெரிய தவறு. சம்பந்தமே இல்லாத ஒருவரின் முகவரியைத் திருடிப் போட்டு, ஊரார் கோபம் முழுவதும் அவர்மேல் விழும்படி செய்வது பழைய தந்திரம். 1997-ல் அமெரிக்காவில் ஓர் இணைய சேவையின் உரிமையாளர், ஸ்பேம் அனுப்பிய ஒருவரின் கணக்கை முடக்கினார். பழிவாங்க, அந்த உரிமையாளர் அனுப்பியதுபோலவே போலி மெயில்கள் ஏராளமாகப் பரப்பப்பட்டன. அவருடைய சேவையின் பெயரை வைத்தே இந்த வகைத் தாக்குதலுக்கு ‘ஜோ ஜாப்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஐபி முகவரியைச் சமூக ஊடகத்தில் போட்டு ‘திருடன் இவன்தான்’ என்று அறிவிப்பதும் இதே ரகம். ஐபியை வைத்து ஊரைக் காட்டும் இணையதளங்கள் தரும் வரைபடப் புள்ளி, பல நேரங்களில் இணைய சேவை நிறுவனத்தின் அலுவலகம் இருக்கும் ஊராக இருக்கும். ஐபியிலிருந்து ஆளைக் கண்டுபிடிப்பது காவல் துறையின் வேலை. அந்த வேலையைத் தொடங்க வேண்டிய தடயத்தைக் கெடாமல் ஒப்படைப்பது மட்டும்தான் குடிமக்களின் வேலை.

யாரிடம் புகார் செய்வது?

முதல் இடம், மெயில் சேவையின் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ அல்லது ‘ரிப்போர்ட் ஃபிஷிங்’ பட்டன். சும்மா அழிப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு புகாரும் அந்தச் சேவையின் ஃபில்டருக்குப் பாடம் கற்றுக்கொடுக்கிறது. ஆனால், நாமே என்றோ பதிவுசெய்த கடையின் ஆஃபர் மெயிலை ஸ்பேம் என்று புகார் செய்வது நியாயமில்லை. அதற்கு அன்சப்ஸ்கிரைப் போதும். மாறாக, முன்பின் தெரியாத மெயிலில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைத் தொடவே கூடாது. ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று நாமே அவனுக்கு உறுதிசெய்து கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது இடம், யாருடைய பெயரில் மோசடி நடக்கிறதோ அந்த நிறுவனம். வருமான வரித் துறை இதற்கு நல்ல முன்னுதாரணம். தன் பெயரில் வரும் போலி மெயிலை அப்படியே அனுப்பலாம், அல்லது அதன் இன்டர்நெட் ஹெடரைத் தரலாம் என்று துறை தன் இணையதளத்திலேயே அறிவித்து, அதற்கான முகவரியையும் கொடுத்திருக்கிறது. அனுப்பியவரைக் கண்டறிய ஹெடர் உதவும் என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு நகலை செர்ட்-இன் அமைப்புக்கும் அனுப்பலாம் என்கிறது. பின் எண், பாஸ்வேர்டு போன்றவற்றை மெயிலில் துறை கேட்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வங்கிகளும் இப்படி ஒரு புகார் முகவரி வைத்திருக்கின்றன.

மூன்றாவது இடம், ஐபிக்குச் சொந்தமான நெட்வொர்க். உலகின் ஐபி முகவரிகளை ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பிரித்துக்கொடுக்கின்றன. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஏப்நிக். இந்தியாவுக்குள் ஐஆர்ஐஎன்என். இவற்றின் இணையதளத்தில் ‘ஹூஈஸ்’ என்ற தேடல் பெட்டியில் ஐபியை உள்ளிட்டால், அது எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது, முறைகேடு பற்றிய புகாரை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று வரும். ‘அப்யூஸ்’ என்று தொடங்கும் புகார் முகவரியை நெட்வொர்க் நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது 1997 முதல் இணைய உலகில் எழுதிவைத்த மரபு. இதையெல்லாம் தேட நேரமில்லாதவர்களுக்காக 1998-ல் தொடங்கப்பட்டது ஸ்பேம்காப் சேவை. முழு ஹெடரோடு மெயிலை அதில் ஒட்டினால், ஐபியைக் கண்டுபிடித்து உரிய நெட்வொர்க்குக்குப் புகாரை அதுவே தயாரித்துத் தரும்.

பணம் போய்விட்டது என்றால் கதை வேறு. அப்போது ஹெடரை ஆராய்ந்துகொண்டு உட்காரக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவுசெய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் கைமாறுவதற்கு முன் முடக்கப்படும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். ஹெடரை அதற்குப் பிறகு சாட்சியமாகச் சேர்க்கலாம்.

புகாரில் என்ன இருக்க வேண்டும்?

நிறையப் பேர் செய்யும் தவறு, மெயிலை சாதாரணமாக ஃபார்வேர்டு செய்வது. அப்படிச் செய்தால் பழைய ஹெடர் போய்விடும், அதற்குப் பதில் நம்முடைய ஹெடர் ஒட்டிக்கொள்ளும். தபால் முத்திரையைக் கிழித்துப்போட்டுவிட்டு, புதுக் கவரில் வைத்து அனுப்புவது மாதிரி. ஸ்கிரீன்ஷாட்டும் பயன்படாது. அதில் மறைந்திருக்கும் வரிகள் எதுவும் இருக்காது.

ஜிமெயில் வெப்பில் ‘ஃபார்வேர்டு ஆஸ் அட்டாச்மென்ட்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் அனுப்பினால் மூல மெயில் முழுசாகப் போகும். அல்லது ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தில் ‘டவுன்லோடு ஒரிஜினல்’ என்பதை அழுத்திக் கோப்பாகச் சேமித்து இணைக்கலாம். கூடவே இரண்டு வரி போதும்: எந்த ஐபியிலிருந்து, எந்தத் தேதி, எந்த நேரத்தில், எந்த நேர மண்டலத்தில் வந்தது, எதைப் போல நடித்தது. கோபமோ மிரட்டலோ வேண்டாம். புகாரைப் படிக்கும் ஊழியர் நூற்றுக்கணக்கான புகார்களில் ஒன்றாகத்தான் இதைப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் முதலில் இதை எடுப்பார்.

தாமதிக்கவும் கூடாது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, இந்தியாவில் இணைய சேவை தரும் நிறுவனங்கள் தங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்கு அப்புறம் அந்த ஐபியை அந்த நேரத்தில் யார் பயன்படுத்தினார் என்ற விவரம் இருக்கும் என்று உறுதியில்லை.

‘ஒருத்தர் புகார் செஞ்சா என்ன ஆகிடப் போகுது?’

இந்தக் கேள்விக்கு 2008-ல் ஒரு பதில் கிடைத்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் சான் ஹோசே நகரில் மெக்கோலோ என்ற சர்வர் வாடகை நிறுவனம் இருந்தது. உலகெங்கும் வைரஸ் புகுந்த கணினிகளை ஸ்பேம் அனுப்பச் சொல்லி ஆட்டிவைத்த கட்டுப்பாட்டு சர்வர்கள் பல அங்கே இருந்தன. பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதற்கான தடயங்களைத் திரட்டியிருந்தார்கள். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த பிரையன் கிரெப்ஸ், அந்தத் தகவல்களை மெக்கோலோவுக்கு இணைய இணைப்பு கொடுத்துவந்த நிறுவனங்களிடம் கொண்டுபோனார். 2008 நவம்பர் 11 அன்று அவை இணைப்பைத் துண்டித்தன. ஒரே நாளில் உலக ஸ்பேம் அளவு பாதிக்கும் மேல் சரிந்தது. சில கணக்குகளின்படி சரிவு மூன்றில் இரண்டு பங்கு.

நீதிமன்ற உத்தரவு இல்லை, ரெய்டு இல்லை. ‘உங்கள் நெட்வொர்க்கில் இது நடக்கிறது, இதோ ஆதாரம்’ என்று உரிய இடத்தில் காட்டியதுதான் திருப்பம். ஸ்பேம் கும்பல்கள் வேறு இடம் தேடிச் சில மாதங்களில் மீண்டும் தலைதூக்கின என்பதும் உண்மைதான். கொசுவை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. அதற்காகத் தேங்கிய நீரை யாரும் அப்படியே விட்டுவைப்பதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

தனிமனிதர் பொறுப்பைப் பேசும்போது, அரசின் பொறுப்பைப் பேசாமல் இருக்க முடியாது. போனில் வரும் விளம்பர அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் டிராய் 2018-ல் ஒழுங்குமுறை வகுத்தது. 1909-ல் புகார் செய்யலாம். மெயிலில் வரும் குப்பை அந்த வரம்புக்குள் வரவில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், அனுப்பியவர் யார் என்று ஏமாற்றும் மெயில்களைக் குற்றமாக்கும் ஒரு துணைப்பிரிவு இருந்தது. ஆனால், அந்தப் பிரிவு கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் அளவுக்குத் தெளிவற்று இருந்ததால், 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அதை முழுவதுமாக ரத்து செய்தது. அது சரியான தீர்ப்பு. ஆனால், குப்பை மெயிலுக்கென்று தெளிவாக, குறுகலாக எழுதப்பட்ட ஒரு சட்டத்தை அதற்குப் பிறகு யாரும் கொண்டுவரவில்லை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி பிரிவின் கீழ் மூன்றாண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. ஏமாற்று நடந்தபின் தண்டிக்கத்தான் அது பயன்படும்.

அமெரிக்காவில் 2004 முதல் நடைமுறையில் இருக்கும் கேன்-ஸ்பேம் சட்டம், வணிக மெயிலின் ஹெடரில் பொய்த் தகவல் தருவதையே தடைசெய்கிறது. சிங்கப்பூரில் 2007 முதல் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. கேட்காமல் மொத்தமாக அனுப்பும் வணிக மெயிலின் தலைப்பில் அது விளம்பரம் என்று அடையாளமிட வேண்டும். இந்தச் சட்டங்களால் அங்கே ஸ்பேம் ஒழிந்துவிடவில்லை. ஆனால், புகார் செய்பவருக்கு எதைக் காட்டிப் பேசுவது என்ற பிடிமானமாவது இருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய விஷயங்கள்கூட இல்லை. மெயில் நிறுவனங்கள் முழு ஹெடரைப் பார்க்கும் வசதியை மொபைல் ஆப்பிலும் தர வேண்டும். போனில்தான் மோசடி வருகிறது, போனில்தான் பலருக்கு மெயிலே இருக்கிறது. அங்கே தடயத்தை மறைத்துவைத்துவிட்டு ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. இந்திய நெட்வொர்க் நிறுவனங்கள் தங்கள் புகார் முகவரிக்கு வரும் மெயில்களுக்குக் குறிப்பிட்ட நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்ற விதி தேவை. வருமான வரித் துறை ஹெடரைக் கேட்டு வாங்குவதுபோல, எல்லா வங்கிகளும் அரசுத் துறைகளும் எளிதில் கண்ணில் படும் இடத்தில், தமிழிலும், ஒரு புகார் முகவரியைப் போட்டுவைக்க வேண்டும்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை, அடுத்த முறை ‘ரீஃபண்ட் தயார்’ என்று மெயில் வந்தால் உடனே அழிக்க வேண்டாம். முதலில் முத்திரையைப் படித்து, அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் அழிக்கலாம். அதே மெயில் ஊரில் இருக்கும் அம்மாவின் போனுக்கு வரும்போது ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்துகிடந்தால், அதில் அந்த ஐந்து நிமிடத்துக்கும் ஒரு பங்கு இருக்கும்.